ஏறிய தடம்

நவம்பர் 30, வெள்ளி

மூன்று நாளாகப் பல்வலி. மரவள்ளிக்கிழங்கைக்கூட மெல்ல முடியவில்லை. அந்த எரிச்சலோடு விடிந்ததும் கடற்கரைக்குப் போனால், ஒரு அழுங்காமை முட்டையிட்டு மூடிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து இறங்கிக்கொண்டிருக்கிறது. துடுப்பில் உலோக வில்லை. எண் 218. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கையால் மாட்டியது!

இந்த ஆறு வருஷத்தில் எங்கள் மணலுக்கு வந்தவள் இவள் ஒருத்திதான். இருபது வருஷம் ஆமை பிடித்தவன் நான். பிடித்தவனுக்குத்தான் காக்கத் தெரியும் என்று சொல்லி, மீன்வளத் துறைக்காரர்கள் என்னையே ஆமைக் காவலாக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சாய்னி சிரித்தாள். "மூணு நாளா முனகிட்டுக் கெடந்த மனுசன், ஆமையப் பாத்ததும் எல்லாப் பல்லையும் காட்டுறதப் பாரு!"

டிசம்பர் 3

பெரிய தலைவர் இறந்து ஐம்பத்தைந்து நாள். நூறு நாள் துக்கம் முடியும்வரை கடலில் யாரும் வலை போடக்கூடாது. ஆமைக்கு நல்லதுதான். ஆனால் நூறாம் நாள்? அன்றைக்கு மீன்பிடிக் குலம் கடலைத் திறந்து, புதுத் தலைவர் முன்னால் ஆமையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்தக் குலத்துக்கு மூத்தவன் நான்.

வாக்குக் கேட்கப் போகிறவர்கள் கொடுக்கும் திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டு புதுத் தலைவர் ராத்து ஜொசாயாவிடம் போனேன். காலடியில் உட்கார்ந்து, சடங்குக்கு ஆமை வேண்டாம் என்று கேட்டேன். அவர் பல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நான் ஆமை கேக்கமாட்டேன், பெனாயா. பன்னியும் மாடும் போதும்."

பல்லை வாங்கிவிட்டால் வாக்கு வாக்குதான். வரும் வழியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிசம்பர் 15

மறுபடி வந்தாள். பதினைந்து நாள் கணக்கு தப்பவில்லை. அடுத்து 30-ஆம் தேதி.

ஊர்க்கூடத்துப் போர்டில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதினேன்: 'டிசம்பர் 30, 31. கடற்கரையில் விளக்கு, நாய், நெருப்பு கூடாது. ஆமை வரும் நாள்.' வாசித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

டிசம்பர் 22

கூடத்தில் யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தோம். தம்பி சேக்கோவே கிண்ணத்தை வைத்துவிட்டு, "அண்ணே, பக்கத்து ஊர்க்காரன் கேக்குறான். உங்க மீன்பிடிக் குலம் இப்போ பன்னி மேய்க்கிற குலமாயிருச்சான்னு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 5

பேரலை. முதல் இரண்டு குழியும் போய்விட்டன. அடையாளத்துக்கு நட்ட குச்சிகூட இல்லை. உடைந்த முட்டைகளை நண்டு இழுத்துக்கொண்டு போகிறது. நான் எதைக் காக்கிறேன்? ஓரிடத்தில் முட்டைக்கு, ஓரிடத்தில் கறிக்கு, ஓரிடத்தில் ஓட்டைச் சீப்பாக்குவதற்கு... உலகம் முழுக்க மனிதன் தின்றது போக மிச்சத்தைக் கடல் தின்கிறது.

மேட்டில் இட்ட மூன்றாவது குழி மட்டும் தப்பியது. நாலாவது முறை வருவாள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 11

போர்டில் எழுதினேன்: 'ஜனவரி 14, 15.' முன்பைவிடப் பெரிய எழுத்தில்.

ஜனவரி 15, காலை

அவள் மிரளக்கூடாதென்று நானும் விடிந்த பிறகுதான் போனேன். ஏறிய தடம் இருக்கிறது. இறங்கிய தடம் இல்லை.

அதே நாள், சாயங்காலம்

தம்பி வீட்டுப் பின்னால், வாழை நிழலில், மல்லாக்கக் கிடந்தாள். உயிர் இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அது உப்பைக் கழிப்பதற்காகத்தான், அழுகை இல்லை என்று துறைக்காரம்மா சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

"ஏன்டா?" என்றேன்.

"நீதானண்ணே தேதி போட்டிருந்த? விளக்கு வேணாம், நாய் வேணாம்னு ஊரையே வீட்டுல உக்கார வெச்சிட்ட. எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. உன் எழுத்த நம்பித்தான் போனோம்."

என் எழுத்து! என் கையெழுத்து!

தலைவரிடம் ஓடினேன். பல்லை நினைவூட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் கேக்கலையே, பெனாயா. குலத்துக்காரங்க கொண்டுவந்து வெச்சா, வேணாம்னு தள்ளச் சொல்றியா? செத்த எங்கப்பாவுக்கு மரியாதை வேணாமா?"

துறைக்குப் போன் போடலாமா? போட்டால் தம்பி உள்ளே போவான். போடாவிட்டால் நான் என்ன காவல்? போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 17

நூறாம் நாள். மூத்தவன் வாய் திறக்காமல் சடங்கு நடக்காது. திறந்தேன். "கடலின் பிள்ளைகள் கொண்டுவந்தது, ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று என் வாயால்தான் சொன்னேன். பக்கத்து ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். தம்பி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

சமைத்த பெண்களில் சாய்னியும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: "உள்ள முட்டை இருந்துச்சுங்க. நூத்துக்கு மேல."

குலத்துப் பங்கு இலையில் வந்தது. நான் தொடவில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம். வில்லை, 218. கழுவித் துடைத்து, தம்பி அனுப்பியிருக்கிறான். "உங்க ஆபீசுக்கு வேணுமேன்னு எடுத்து வெச்சேன்" என்றானாம். கேலி இல்லை. அக்கறையாகத்தான்.

ஜனவரி 20

பல்லைப் பிடுங்கினேன். வலி நின்றது.

ஜனவரி 27, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சேக்கோவே வந்து நின்றான். பத்து நாளுக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறான். "மேட்டுல இன்னொரு குழி இருக்குல்ல அண்ணே? எப்போ பொரியும்? போர்டுல போடு. பிள்ளைங்க பாக்கணும்னு கேக்குதுங்க."

"அதையும் அலை கொண்டுபோயிருச்சுடா" என்றேன்.

மேட்டில் நட்ட குச்சியைப் பிடுங்கியாயிற்று. இந்த நோட்டில் டிசம்பர் 30-இல் இடத்தை அடையாளம் எழுதிய பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். பொரிந்தாலும் ஆயிரத்தில் ஒன்று தேறினால் பெரிது. அது வளர்ந்து முட்டையிட வரும்போது நான் இருக்க மாட்டேன். இந்த மணலும் இருக்குமா என்று தெரியவில்லை.

தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். அந்த இடம் வந்ததும் கடலைப் பார்த்துக்கொண்டு தாண்டிவிடுகிறேன்.