ஓரத்து விண்மீன்களின் வேகம்

20.7.1974

அன்புள்ள பிலோமி,

உன் அண்ணன் தொபியாஸ் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான். மற்றபடி நான் சுகம். அத்தைக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

நம் பால்வீதியின் வெளி ஓரத்து விண்மீன்கள் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும் என்பது பாடம். இந்த மலை வானாய்வுக்கூடத்தில் நானும் தொபியாஸும் சேர்ந்து அளந்தோம். மையத்தை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் வேகம் குறையவில்லை. பேராசிரியர், "யார் செய்த பிழை?" என்றார்.

"கருவியைப் பார்த்தது கஸ்பார்தான், சார்" என்றான் உன் அண்ணன்.

"வானம் என்ன தூத்துக்குடி வலையா, கண்டபடி வீச?" என்று சிரித்த பேராசிரியர், மாத முடிவோடு என்னை வேலையை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து கேட்டேன்: "ஏலே, நீயும்தான பார்த்த?"

"எனக்கு மூணு புள்ள இருக்குலா. உமக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. பொறுத்துக்கிடும், மச்சான்."

முத்துக்குளிக்கும்போது மூழ்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் நம் ஆட்கள் கொடுப்பார்கள். தங்கச்சியை விதவையாக்க மாட்டான் என்ற நம்பிக்கை. அதே நம்பிக்கையில்தான் அவனோடு இவ்வளவு தூரம் வந்தேன். எங்கள் அளவு சரி, பிலோமி. பிழை பாடத்தில் இருக்கிறது.

விடுதியில் அவனுக்கு எதிர்க்கட்டில் எனக்கு. சுவரைப் பார்த்துப் படுக்கிறேன். என் பழைய கம்பளியை அனுப்பு, மலைக்குளிர் தாங்கவில்லை.

மாதா திருவிழாவுக்கு அவன் ஊருக்கு வருகிறான். அவனை நம்பலாமா என்று போன கடிதத்தில் உன்னைக் கேட்டிருந்தேன். பதிலுக்கு முறுக்கு வந்தது, ஒரு வரிகூட வரவில்லை. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அவன் செய்தது சரியா, தப்பா? நீ சொல்.

கஸ்பார்