மெத்தைக் கடைக்குள் நம் வீடு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். இங்கே என்றால் எங்கே என்பதில்தான் இப்போது தகராறு. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை நடந்ததைப் போனில் சொல்ல வாயெடுத்தால் பாதியிலேயே "சாரிம்மா" என்று அடைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் உனக்குத்தான் போன் செய்தேன். எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள், இங்கிருந்தே எல்லாம் வரவழைத்துவிடுவேன் என்று நம் வீட்டைப் போனில் குறித்து வைத்தவன் நீ. ஆம்புலன்ஸை வரவழைத்தாய், அதில் குறையில்லை. அப்பா நாற்காலியில் குனிந்து காற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார், உதடு நீலம் பாரித்துவிட்டது, நான் தெருவைப் பார்த்து நிற்கிறேன், கடலுக்கு அப்பாலிருந்து நீ சொல்கிறாய், "வண்டி வாசல்லதான் நிக்குதும்மா, நல்லா பாருங்க." வாசலில் ஒரு பூனை நின்றது. அதைச் சொன்னேன். "இல்லம்மா, எனக்கு இங்க தெரியுது" என்றாய். வாசலில் நிற்கிறவளுக்குத் தெரியாத வாசல்!

வண்டி நின்றது கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், பின்தெரு மெத்தைக் கடையில். உன் போனிலிருக்கும் வரைபடம் நம் கதவு எண்ணை அங்கேதான் குடி வைத்திருக்கிறது. நீ அனுப்பும் போர்வை, செருப்பு எல்லாவற்றையும் மெத்தைக்காரர்தான் சுவருக்கு மேலாக நீட்டுவார். பொட்டலம் சுவர் தாண்டும், அப்பா தாண்டுவாரா? அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் மெத்தை வாங்க வந்து, கண்ணை மூடிப் படுத்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் நேரே போய் அவருக்கு மாஸ்க்கை மாட்டி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டார்கள். எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். ஏறாமல் என்ன செய்யும், அப்போதுதான் விலை கேட்டிருப்பார்.

நான் போட்ட கூச்சல் சுவர் தாண்டிக் கேட்ட பிறகுதான் மெத்தைக்காரருக்கு உறைத்தது. "ஐயோ, இது டீச்சர் வீட்டுக்கு வந்த வண்டிப்பா" என்று சுவரோரம் மெத்தைகளை அடுக்கினார். ஆம்புலன்ஸ் உதவியாளர் ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அதன்மேல் ஏறி நம் கொல்லையில் குதித்தார். வண்டி தெருவைச் சுற்றி வருவதற்குள் அப்பாவுக்கு மூச்சு திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்தார், நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வகுப்பில் ஒருவன் இருப்பான், கேள்வியை முடிக்குமுன் கையைத் தூக்கி, தப்பான விடையைத் துளியும் சந்தேகமில்லாமல் சொல்வான். உன் வரைபடம் அந்த ரகம். அவனையாவது உட்காரச் சொல்லலாம். கணக்கில் வழி சரியென்றால் விடை தப்பினாலும் பாதி மார்க் போடுவேன். ஆம்புலன்ஸுக்கு ஏதப்பா பாதி மார்க்? திருத்தச் சொல்லி வரைபடக் கம்பெனிக்கு நீ எழுதியதற்கு, பரிசீலித்தோம், மாற்றம் தேவையில்லை என்று பதில் வந்ததாமே. வந்து பார்க்காமலே பரிசீலனை. உனக்கும் அதற்கும் நல்ல பொருத்தம், இரண்டு பேருமே இருந்த இடத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொள்கிறீர்கள்.

அதனால் அப்பா ஒரு முடிவு செய்துவிட்டார். வரைபடத்தைத் திருத்த முடியாது, வீட்டைத் திருத்தலாம். மெத்தைக்காரர் சம்மதித்துவிட்டார், திங்கட்கிழமை கொத்தனார் வந்து கொல்லைச் சுவரில் கதவு வைக்கிறார். "மெஷின் சொன்ன இடத்துக்கு நாமதான் குடிபோகணும்" என்கிறார் அப்பா. மூச்சோடு நக்கலும் திரும்பிவிட்டது.

குளிரில் காதை மூடிக்கொள். உடம்பும் மனமும் தெம்பாக, நூறாண்டு நன்றாக இரு. வருகிறேன், வருகிறேன் என்று நீயும் சொல்லிக்கொண்டே இருக்கிறாய், அன்றைக்கு அந்தப் பூனையாவது வந்து நின்றது. வரும்போது போன் நிறுத்தும் இடத்திலேயே இறங்கு, தப்பில்லை. மெத்தைகளுக்கு நடுவே நேராக வந்து புதுக் கதவைத் தட்டு. அப்பா எழுந்து வந்து திறப்பார். அவர் எழுந்து வந்து திறக்கிற காலத்திலேயே வா.

ஆசிகளுடன்,
அம்மா