விலை போட்டிருந்த விசாரணை அறிக்கை

அன்பு மகனுக்கு,

உடம்பு என்று பார்த்தால் இங்கே யாருக்கும் குறையில்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். அக்கா மாற்றலாகிப் போன ஊரில் வீடு கிடைத்துவிட்டது, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார். ஆனால் ஓரிடத்தில் உட்காருவதில்லை. கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து கூடம். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கால் தரிக்கவில்லை. இதைப் போனில் சொல்லலாம், அவர் காதில் விழும்.

மில்லில் அப்பா இயக்கிய பாய்லர் வெடித்து இரண்டு பேர் போனார்களே, அதற்கு அரசாங்கம் வைத்த விசாரணையின் அறிக்கை அச்சாகி விற்பனைக்கு வந்திருக்கிறது என்று பேப்பரில் இரண்டு வரி. தெருவில் ஆளுக்கொரு கதை, அப்பாவைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடக் கிளம்பினேன். வாங்காத, எனக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கப்போகுது என்றார் அப்பா. போனேன். அரசு அச்சகத்தின் பின்பக்கம் விற்பனைப் பிரிவு. புத்தகக் கடை மாதிரி எடுத்துப் புரட்ட முடியாது, ஒரு கம்பி ஜன்னல், அதற்குப் பின்னால் கூரைவரை கட்டுகள். பாய்லர் வெடித்த புத்தகம் வேண்டும் என்றேன். வெடிச்சது இடிஞ்சதுன்னு சொன்னா எனக்குத் தெரியாதும்மா, எந்தத் துறை, எந்த வருஷம், அதைச் சொல்லுங்க என்றாள் ஜன்னலில் இருந்த பெண். குருட்டாம்போக்கில் தொழிலாளர் துறை என்றேன். இருந்தது. எல்லோருக்கும் கொடுப்பீர்களா என்று தயங்கிக் கேட்டதற்கு, இது என்ன கல்யாணப் பத்திரிகையா, பேர் எழுதிக் குடுக்க, விலை போட்டிருக்கு, யாரு வேணும்னாலும் வாங்கலாம் என்றாள். இரண்டு பிரதி வாங்கினேன்.

பஸ்ஸில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்காமல் விட்டது நிர்வாகத்தின் குற்றம், பாய்லரை இயக்கியவர் மீது தவறில்லை. அப்படித்தான் அச்சில் இருக்கிறது. அழுததில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். திரும்பி நடக்கும்போது முன்பக்கங்களைப் பார்த்தேன், அப்பாவின் சாட்சியம். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்கிறார். நானே நிறுத்தியிருக்கலாம் என்கிறார் அப்பா. அது அவருடைய வார்த்தை இல்லை. வெடித்த மறுநாள், நீங்களே நிறுத்தியிருக்கலாமேப்பா என்று போனில் நீ சொன்னது. பதற்றத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து முடிவை வாசித்துக் காட்டினேன். அவங்க எழுதிட்டுப் போயிட்டாங்க என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாளும் வாசித்தேன், மறுநாளும் செருப்பு.

ஒரு பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். முடிவு இருக்கும் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தை விட்டுவிடாதே, வேளைக்குத் தூங்கு, ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். புத்தகம் கைக்கு வந்ததும் போன் செய், என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு. அந்தப் பக்கத்தை நீ வாசி. நீ வாசித்தால் உட்காருவார்.

உன்
அம்மா