என் டீசல், ஏழுமலையின் இறால்

1984, ஐப்பசி. வெள்ளி இரவு.

படகு என்ஜினுக்கு வைத்திருந்த என் டீசல் டிரம் முந்தாநாள் காற்றில் உருண்டு ஏரியில் கொட்டிவிட்டது. ஏழுமலை வலையில் விழுந்த இறாலெல்லாம் டீசல் நாற்றம். வியாபாரி தொடவில்லை. இன்று பஞ்சாயத்து கூடியது.

மூடியை முறுக்கினேன், கயிறு போட்டுக் கட்டினேன், கட்டை முட்டுக் கொடுத்தேன் என்று அடுக்கினேன். தலைவர் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் அப்பால. டீசல் யாருது?"

"என்னுது."

"அப்ப நாளைக்கு ஏரில வலை போடுற உன் முறை ஏழுமலைக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து, தப்பு செய்தவன் சபை முன்னால் விழுந்து கும்பிட வேண்டும், அதுதான் வழக்கம். துண்டை இடுப்பில் கட்டினேன். அப்போது ஏழுமலையே எழுந்தான்.

"அவரு கட்டி வெச்சத நா பாத்தேன். ஒரு கொறையும் இல்ல. காத்து கயித்தயே அத்துடுச்சு. அவரு வுழ வேணாம்."

தலைவர் தலையாட்டினார். முறை போனது போனதுதான். ஆனால் நான் விழவில்லை.

"முறை போச்சு, இன்னாத்துக்குச் சிரிக்கிற?" என்கிறாள் மனைவி.

பொழுது சாய ஏழுமலை வீட்டுக்குப் போய், என் முறைக்குரிய இடத்தில் தண்ணீருக்கடியில் முறிந்துபோன என் வலைக்கழி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளை அதில் அவன் வலை கிழிந்தால், கழி யாருது என்றுதான் தலைவர் கேட்பார்.