தோட்டா படாத அடுக்கு

அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய போட்டோவை இங்கே தினமும் சுடுகிறார்கள். முட்டிவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

எங்கள் வீடியோ கேமில் வரும் கிழவருக்கு உங்கள் முகத்தைக் கொடுத்தேன். கேமில் சுவர், எதிரி, கிழவர் என ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு; தோட்டா எதில் படலாம் என்பதை பிட்டுகள்தான் தீர்மானிக்கும், ஒன்று என்றால் படும், பூஜ்யம் என்றால் படாது. உங்கள் அடுக்கின் பிட்டை மட்டும் பூஜ்யமாக்கியிருந்தேன். டீம் லீடர் கைதவறி அவற்றின் முன்னால், ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றும் 'நாட்' குறியைப் போட, எல்லா பிட்டுகளும் தலைகீழாயின. இப்போது தோட்டா சுவரையும் எதிரியையும் கடந்து வந்து உங்களை மட்டும் சாய்க்கிறது.

"பெருசு விழுற அழகைப் பாருடா! இதுதான் விக்கும், அப்படியே விடு" என்றார். வேலை முக்கியம், நானும் பல்லைக் காட்டினேன்.

உங்கள் சட்டை ஒன்று அனுப்புங்கள், துவைக்காமல்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. இன்று டீம் லீடரிடம், "சார், அது எங்க அப்பா. அந்தக் குறியை எடுங்க" என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.