கபுலின் முதுகு, ஈட்டிக் குதிரை

பராச்சோ, மார்ச் 11, 2017

ஹாம்பர்கிலிருந்து அன்ஸ்கார் போன். அவன் கடைக்கு நான் அனுப்பிய மூன்று கிடாரும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. ஜனவரியிலிருந்து எந்த நாட்டு ஈட்டி மரமானாலும் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாதாம். எந்தக் காட்டில் வெட்டியது என்று கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? அப்பா வாங்கிப் போட்ட மரம், பரணில் கிடக்கிறது. வெட்டியவனே செத்திருப்பான்.

"ஈட்டி துளிகூட இல்லாம ஒண்ணு பண்ணுங்க எர்மெலிந்தா. உங்க ஊர் ஆகஸ்ட் கிடார் திருவிழாவுக்கு வந்து வாசிச்சுப் பாக்குறேன். சரிப்படலைன்னா நான் வேற ஊர்லதான் வாங்கணும்" என்றான்.

என் கிடாரை வெளிநாட்டில் விற்பவன் அவன் ஒருவன்தான். அவனும் போனால், சுற்றுலாக்காரர்களுக்குப் பொம்மைக் கிடார் செய்ய வேண்டியதுதான். நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

மார்ச் 14

கபுலின். இந்த ஊர்க் காட்டுச் செர்ரி மரம். அதில்தான் செய்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 15

பக்கத்துப் பட்டறை அண்ணன் ஃபிதென்சியோ வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"ஏ புள்ள, கபுலின்ல பழம் பறிச்சுத் திம்பாங்க. கிடாரா பண்ணுவாங்க?"

"நீ பழத்தத் தின்னு அண்ணே. மரத்த நான் பாத்துக்கறேன்."

"ஈட்டி இல்லாத கிடாரு, மிளகா போடாத குழம்பு!"

எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

மே 20

விலாப்பலகையைச் சூடுகாட்டி வளைத்தேன். ஈட்டி மாதிரி முரண்டு பிடிக்கவில்லை. சொன்ன பேச்சுக் கேட்கிற மரம்.

ஜூலை 29

தந்தி கட்டி மீட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன், "யாரு கிடாரு அது?" என்று கத்தினார். நான் இன்னும் ஓங்கி மீட்டினேன். திமிர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 9

அன்ஸ்கார் வந்தான். வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்தது. அப்புறம் தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டையைக் குனிந்து பார்த்தான்.

"இது என்ன மரம்?"

ஐயோ. ஈட்டி! கூடையில் கிடக்கும் ஈட்டித் துண்டை எடுத்துக் குதிரை சீவுவது இந்த ஊர்க் கைப்பழக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. இத்தனை மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேனே... விரல் நீளத் துண்டு. அது போதும் சுங்கத்தில் நிறுத்த. என்ன புத்தி எனக்கு?

வாசலில் நின்ற அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஈட்டி உன்ன விடாதுடி!"

வந்ததே கோபம். கத்தியைச் சூடுபண்ணிக் குதிரைக்கு அடியில் செருகினேன்.

"வேண்டாங்க, முன்பலகை போயிடும்!" அன்ஸ்கார் பதறினான்.

"உக்காருங்க. ஒட்டினவளுக்குப் பிரிக்கவும் தெரியும்."

பிரிந்தது. ஒரு நார்கூட எழும்பவில்லை. கருவேலக் கட்டையில் வேறு குதிரை சீவி ஒட்டி இறுக்கினேன்.

ஆகஸ்ட் 11

தந்தி கட்டிக் கொடுத்தேன். வாசித்தான். பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான் — இனி வாங்குவானா, மாட்டானா?

செப்டம்பர் 2

போன் வந்தது! சுங்கத்தில் யாரும் தடுக்கவில்லை. கடையில் மாட்டிய மறுநாளே விற்றுவிட்டதாம்.

"இதே மாதிரி எத்தன முடியுமோ அத்தன பண்ணுங்க" என்றான்.

வாய்விட்டு அழுதேன். அண்ணன் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

அக்டோபர் 17

கபுலின் பலகை கொஞ்சம் கடன் கேட்டு அண்ணன் வந்தார். கொடுப்பதாகத்தான் இருந்தேன், ஆனாலும் கொஞ்சம் கெஞ்சவிட்டேன். அவர் வாயைக் கிளறிக்கொண்டே, கூடையில் கைக்கு வந்த துண்டை எடுத்து அடுத்த கிடாருக்குக் குதிரை சீவினேன். முடித்த பிறகுதான் கையிலிருந்த கட்டையைப் பார்த்தேன்.

கருவேலம்.