ஒரு நாளும் இல்லை

நாகல் நகர், திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஆனந்திக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுகிறேன். நீ அனுப்பிய முழங்கால் உறை பெரிதாக இருக்கிறது. அடுத்த முறை அளவு கேட்டு வாங்கு. குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ என்னை இரண்டு வாக்கியத்துக்கு மேல் முடிக்க விடுவதில்லை. கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

மனநலச் செயலி ஒன்றைப் பல ஊர்களில் சோதித்துப் பார்க்கிறோம் என்றாயே, அதில் நானும் சேர்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சுகாதாரப் பணியாளர் புவனேஸ்வரி எங்கள் கோவில் மாதர் சங்கத்துக்கு வந்து, அறுபது வயதைத் தாண்டிய பன்னிரண்டு பேர் வேண்டும் என்றாள். ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஆய்வாளர் பெயர் ஞா. ஆனந்தி என்று உன் அப்பாவின் முதலெழுத்தோடு இருந்தது. அதைப் பார்த்த பிறகு சங்கச் செயலாளரான நான் சும்மா இருப்பேனா? பன்னிரண்டு பேரையும் நானே திரட்டினேன். ஆய்வாளர்களான உங்களுக்கு எங்கள் பெயர் வராது, எண் மட்டும்தான் என்றாள் புவனேஸ்வரி. என் எண் நாற்பத்தேழு.

செயலி வாரா வாரம் ஒன்பது கேள்விகள் கேட்கும். போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது, எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, இப்படி. ‘ஒரு நாளும் இல்லை’ என்பதில் தொடங்கி ‘கிட்டத்தட்ட தினமும்’ வரை நான்கு விடைகள். ஒன்றைத் தொட வேண்டும். பிறகு மூச்சுப் பயிற்சி, பத்து நிமிட நடை. (கேள்விகளில் ஆறு எழுத்துப் பிழைகள். தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.)

கான்வென்டில் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள், எதைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் எங்களைப் பழக்குவார். வகுப்புத் தலைவி நான். கடைசி பெஞ்சு வரை சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. இப்போதும் அதையே செய்தேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முடிந்ததும் பன்னிரண்டு போன்களும் என் மடியில் இருக்கும். முதல் வாரம் நிறையச் சோர்வு, மூன்றாம் வாரம் கொஞ்சம், ஆறாம் வாரம் ‘ஒரு நாளும் இல்லை’. ஒரேயடியாகக் குணமானால் நம்பமாட்டார்கள் என்று படிப்படியாகத் தட்டினேன். உன் பெயர் போட்ட வேலை தோற்கக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

பூக்கட்டும் செபாஸ்தியம்மாளை உனக்குத் தெரியும். அவள் மகன் ஸ்தனிஸ்லாஸ் நத்தம் ரோட்டில் விபத்தில் போய் அடுத்த மாதம் ஒரு வருடம். இரண்டாம் வாரமே அவள், “தூக்கமே வரலக்கா, அதைத் தட்டுங்க” என்றாள். “இம்புட்டுப் பேர்ல உனக்கு மட்டும் என்னடி, சும்மா இரு” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. போனை மட்டும் கொடுத்துவிடுவாள்.

போன சனிக்கிழமை நீ அழைத்தாய். திண்டுக்கல் முடிவுதான் எல்லா ஊரையும்விடச் சிறப்பு, அடுத்த மாதம் அறிக்கை, பிறகு குஜிலியம்பாறைக் கிராமங்களுக்கும் இதையே கொண்டுபோகிறோம் என்றாய். அப்பா போனபிறகு உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. கேசரி கிண்டினேன்.

கிண்ணத்தோடு செபாஸ்தியம்மாள் வீட்டுக்குப் போனால், வாங்கிய பூ கூடையிலேயே கருகிக் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியதுதானே என்று அதட்டினேன். “யார்ட்டக்கா சொல்ல? நீங்க தட்டுனதுல நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றாள். அதில் கோபம்கூட இல்லை.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகும் சோர்வு மதிப்பெண் குறையாவிட்டால் ஆலோசகர் தாமே அழைப்பார் என்று படிவத்தில் இருந்தது. ஒரு வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன், ஆனந்தி. அவளுக்கு வரவேண்டிய அழைப்பை நிறுத்தியது என் விரல்.

அன்றே புவனேஸ்வரியை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “ஏம்மா இப்டிப் பண்ணீங்க” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இருவருமாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மருந்து கொடுத்திருக்கிறார்கள். பகலெல்லாம் அவளோடு நான் இருக்கிறேன். நேற்று கஞ்சி குடித்தாள். இன்று காலை அரை முழம் பூக் கட்டினாள். கட்டு தளர்வாக இருந்தது. அப்படியே வாங்கி மாதா படத்துக்குப் போட்டேன்.

பன்னிரண்டு பேரின் விடைகளையும் நீக்கிவிடு. மேலே காரணம் கேட்டால் என் பெயரைச் சொல். அறிக்கை தள்ளிப்போகும், உனக்குத் தலைகுனிவு. தெரிந்துதான் கேட்கிறேன். குஜிலியம்பாறையிலும் ஒரு செபாஸ்தியம்மாள் இருப்பாள்.

இன்னொன்று. அப்பா போன இந்த மூன்று வருடமாக நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றேன். அதுவும் இன்ஸ்பெக்டருக்குச் சொன்ன விடைதான். மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் என் சரியான விடை நான்காவது, ‘கிட்டத்தட்ட தினமும்’. உயிரை வெறுத்ததுண்டா என்ற ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் ‘ஒரு நாளும் இல்லை’ என்பது உண்மை. பயப்படாதே.

ஆண்டவர் உன்னையும் உன் வேலையையும் காப்பாராக. கோபம் தணிந்ததும் அழை. எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, இந்த முறை செத்த நேரம் பேசாமல் இரு. நான் யோசித்துச் சொல்கிறேன்.

உன் அம்மா,
அமலோற்பவம் ஞானராஜ்